மீர்பூர் தௌஹீதின் உள்ளூர் நம்பர்கள்

மீர்பூரில் தௌஹீதைத் தெரியாதவர்கள் கிடையாது. அந்தப் பக்கத்தில் முதன்முதலாக இன்டர்நெட் வழியே பேசவைத்தவன் அவன்தான். ரியாத்துக்குப் போன மகன்களின் குரலைக் கேட்க, தாய்மார்கள் அவன் கடையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு காத்துக்கிடந்தார்கள். அப்போது அவனை வாழ்த்தாத வாய் இல்லை. பிறகு ஆளாளுக்கு செல்போன் வந்தது. கடையில் ஈ ஓட்டினான்.

கற்ற வித்தை சும்மா இருக்குமா? வெளிநாட்டு அழைப்புகளை இன்டர்நெட்டில் இறக்கி, உள்ளூர் சிம்கள் செருகிய பெட்டிகள் வழியாக உள்ளூர் அழைப்புகளாக அனுப்பும் திருட்டுத் தொழிலில் இறங்கினான். பிடிபட்டால் ஜெயில். வீட்டின் பின்னறையில் அந்தப் பெட்டிகள் பச்சையாகக் கண்சிமிட்டிக்கொண்டே இருந்தன. கேட்டவர்களிடம் கேபிள் தொழில் என்றான். தங்கை ஷெஃபாலியும் அதைத்தான் நம்பினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவள் பையோடு வந்து நின்றாள்.

"என்னம்மா, சொல்லாம கொள்ளாம?"

"மாமியார் வீட்ல அனுப்பிட்டாங்க பாய்ஜான். நான் போனே எடுக்கறதில்லையாம், எவன்கூட இருக்கேன்னு அவரு கேக்கறாராம். இன்னிக்கு சாயங்காலம் ஒரே ஒரு தடவை கூப்பிடுவாராம். எடுக்கலேன்னா தலாக்குன்னு அவங்க அண்ணன்கிட்ட சொல்லியிருக்காரு."

அவள் கணவன் கமருல் ரியாத்தில் கொத்து வேலை பார்க்கிறான்.

"நீ கூப்பிட்டுப் பேச வேண்டியதுதானே?"

"கூப்பிட்டா எடுக்கல. சத்தியமா சவூதி நம்பர் ஒண்ணுகூட வரல பாய்ஜான். எவனோ உள்ளூர்க்காரன்தான் விடாம அடிக்கிறான். நான் எடுப்பேனா?"

எடுக்கமாட்டாள். புருஷன் வெளிநாட்டில் இருப்பவள் தெரியாத உள்ளூர் நம்பரை எடுக்கக் கூடாது. விமானம் ஏறும்போது கமருலே போட்ட சட்டம் அது. தௌஹீத் அவள் போனை வாங்கிப் பார்த்தான். அத்தனையும் தன் பெட்டிகளில் செருகிய சிம்களின் நம்பர்கள். கமருல் பாவி மலிவான காலிங் கார்டுக்கு மாறியிருக்கிறான்; அவன் அழைப்பெல்லாம் இந்தப் பெட்டிகள் வழியாக உள்ளூர் நம்பராக வந்திருக்கிறது.

"கவலைப்படாதீங்க," என்றாள் ஷெஃபாலி. "எல்லா நம்பரையும் போலீஸ்ல குடுத்துட்டேன். எந்த வீட்ல இருந்து வருதுன்னு பிடிச்சுட்டாங்களாம். இன்னிக்கே போய் தோலை உரிக்கிறோம்னாங்க!"

தௌஹீத் பின்னறைக்கு ஓடி சுவிட்சில் கை வைத்தான். அணைத்துவிட்டு, பெட்டிகளை அள்ளிக்கொண்டு ஓடிவிடலாம். ஆனால் கமருலின் அந்த ஒரு அழைப்பு இதன் வழியாகத்தான் வர வேண்டும். தானே கமருலை அழைத்துப் பார்த்தான். அவன் எடுக்கவில்லை. சுவிட்சிலிருந்து கையை எடுத்தான்.

சாயங்காலம் அவள் போன் அடித்தது.

"பாருங்க, அந்த நாய்தான் மறுபடியும்!" துண்டிக்கப் போனாள்.

"எடு ஷெஃபாலி. கமருல்தான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எடுன்னா எடு!"

எடுத்தாள். அந்தப் பக்கம் கமருல் கத்திய கத்தல் தௌஹீதுக்கே கேட்டது. "நீங்கதானா? அல்லா... நீங்கதானா?" என்று அவள் விம்மினாள். கத்தல் மெல்ல அடங்கியது. கீழே ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது. படியில் பூட்ஸ்கள் ஏறின. ஷெஃபாலி திறந்திருந்த பின்னறையில் கண்சிமிட்டும் பெட்டிகளைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"நான்தானே நம்பரைக் குடுத்தேன்... அதை அணைச்சுட்டு ஓடுங்க பாய்ஜான். நான் போனை வச்சிடறேன்."

"வைக்காதே. அவன் மறுபடி கூப்பிட மாட்டான். நீ பேசி முடி."

கதவைத் தட்டினார்கள். அவள் பேச்சு கலையாமல் இருக்க அறைக் கதவைச் சாத்திவிட்டு, தௌஹீத் வாசலைத் திறக்கப் போனான்.