எதிர் பெஞ்சு

குற்றாலத்துச் சாரல் தென்காசி வரைக்கும் அடிக்கும் ஆனி மாதத்தில், பத்திரிகைத் தாளில் ஒரு வாசனை ஏறும். ஈரமும் மையும் கலந்த வாசனை...

எங்கள் வாசகசாலையில் ஒவ்வொரு கட்சிப் பத்திரிகைக்கும் ஒரே பிரதிதான். உங்கள் பேப்பர் வேறொருவர் கையில் இருந்தால் காத்திருக்க வேண்டும். அதுவரை சும்மா இருக்க முடியாமல், மேஜையில் கிடக்கிற எதிர்க்கட்சிப் பேப்பரைப் புரட்டுவீர்கள்.

ஆளுங்கட்சிக்காரரான வாசகசாலைக் கட்டிட முதலாளியும், எதிர்க்கட்சி முருகேசனும் எதிரெதிர் பெஞ்சில் இப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள்.

"என்ன முதலாளி, எங்க பேப்பரு இனிக்கோ?"

"கசக்குதுலே. நீ எங்களுத விட்டாத்தானே நான் உங்களுத வைக்க முடியும்?"

வாசகசாலைச் செயலாளர் அருணாசலம் அண்ணாச்சி சிரித்துக்கொள்வார். பகலில் ஜவுளிக்கடை வேலை. மாலையானால் வாசகசாலைதான் அவருக்கு எல்லாம்.

அறுபத்தைந்தில் இந்தி எதிர்ப்பு மூண்டது. முருகேசன் கருப்புக் கொடியோடு வந்து நின்றான். மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த நானும் அங்கே இருந்தேன்.

"வாசல்ல கட்டணும் அண்ணாச்சி."

"எங்க வீட்டு மாடியில கட்டியிருக்கேன், போய்ப் பாரு. இங்கன கட்டுனா நாளைக்கு எதிர் பெஞ்சுக்காரன் வரமாட்டான்."

"அங்கன தீக்குளிச்சு சாவுதானுவ... நீங்க பெஞ்சுக்கு ஆள் பாக்கியளோ? தமிழுக்கு ஒண்ணுன்னா வாய தொறக்காத வாசகசால என்னத்துக்கு?"

அண்ணாச்சி அப்போதும் கொடியைக் கட்ட விடவில்லை.

எனக்கு இருவர் சொன்னதும் சரியென்றே பட்டது. இன்றும் அப்படித்தான்.

முருகேசனும் நண்பர்களும் அடுத்த தெருவில் படிப்பகம் திறந்தார்கள். அங்கே அவர்கள் கட்சிப் பேப்பர் மட்டும்.

தேர்தல் நெருங்கியபோது முதலாளி வந்தார்.

"கொடி கட்ட விடாம நின்ன பாரு, அதான் ஆம்பள. அப்படியே அந்தப் பயலுவ பேப்பரையும் நிறுத்திரு."

"அன்னைக்கு நான் உங்களுக்காக நிக்கல முதலாளி."

முதலாளி கையை நீட்டினார்.

"அப்ப சாவியக் குடு."

அன்று மாலையே பெஞ்சும் மேஜையும் தெருவுக்கு வந்தன. நான் முருகேசனிடம் ஓடினேன். நாலு பேர் வந்து நின்றால் முதலாளி யோசிப்பார் என்ற நம்பிக்கை.

"நமக்கென்ன அண்ணே... அவருதான் யாரு பக்கமும் இல்லையே" என்றான். கையிலிருந்த பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பத்திரிகைக்கு எழுதி அனுப்பினேன். எந்தக் கட்சித் தகராறு என்று கேட்டார்கள். கட்சி இல்லை என்றேன். செய்தி வரவில்லை.

அண்ணாச்சி பிறகு எந்தப் பேப்பரும் வாங்கியதாக எனக்குத் தெரியாது. அவர் இறந்தபோது இரண்டு கட்சிக்காரர்களும் மாலையோடு வந்தார்கள். 'நம்ம ஆளு' என்று இரு தரப்பும் சொன்னதைக் காதால் கேட்டேன்.

போன மாதம் குற்றாலம் போகும் வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அதே சாரல். பெஞ்சில் ஐந்தாறு பேர், ஆளுக்கொரு செல்போன். அவரவர் கட்சி, அவரவர் செய்தி, அவரவர் சிரிப்பு...

எதற்காகவும் யாரும் காத்திருக்கவில்லை.