நாப்பதுன்னா எந்த நாப்பது?

1991இல் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் சேஃப்டி இன்ஜினியர். ஒரு காலை, ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி வந்த எங்கள் பஸ், வடக்குப்பட்டு அருகே குறுக்கே வந்த எருமைக்காகப் பிரேக் அடித்து நின்றது. எருமைக்குக் கீறல்கூட இல்லை. உள்ளே நின்றிருந்த ஃபிட்டர் ஒருவருக்கு மூக்கு உடைந்தது. கம்பெனி பஸ் நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. தாண்டியிருந்தால் டிரைவர் ஏழுமலைக்கு வேலை போய்விடும்.

மேனேஜர் முடிவே கட்டிவிட்டார். “செக்யூரிட்டி டயர் தடத்தை அளந்துட்டு வந்துட்டான். நாப்பது. பிரேக் டெஸ்ட்ல முடுக்கம் மைனஸ் ஆறு. வண்டி நின்னுடுச்சு, கடைசி வேகம் ஜீரோ. யூ ஸ்கொயர் ஈக்குவல் டு டூ ஏ எஸ். நீயே போட்டுப் பாருப்பா.”

போட்டேன். இரண்டு, ஆறு, நாற்பது பெருக்கினால் நானூற்று எண்பது. வர்க்கமூலம் ஏறக்குறைய இருபத்திரண்டு மீட்டர், ஒரு நொடிக்கு. மணிக்கு எழுபத்தொன்பது கிலோமீட்டர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஓட்டை பஸ் அறுபதைத் தொட்டாலே ஜன்னல் கழன்று கையோடு வந்துவிடும். சூத்திரத்தில் தப்பில்லை. அப்படியானால் உள்ளே போன எண்ணில்தான் கோளாறு.

வெளியே ஏழுமலை வெளிறிப்போய் நின்றார். “நாப்பதை ஒட்டித்தான் சார் வந்துகினு இருந்தேன். எயுதிக் குடுக்கச் சொன்னாலும் குடுக்கறேன்.”

நேராக கேட்டுக்குப் போய் செக்யூரிட்டி முனுசாமியைப் பிடித்தேன். “நாப்பதுன்னா எந்த நாப்பது?”

“இன்னா சார் இப்டி கேக்கறீங்க? நாப்பது அடிதான். மனைய அளந்தாலும் கெணத்த அளந்தாலும் நம்மூர்ல அடிதான சார்.”

மேனேஜரையும் வடக்குப்பட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் டயர் தடத்தை டேப் போட்டு அளந்தேன். மேனேஜர் நினைத்த நாற்பது மீட்டர் இல்லை; பன்னிரண்டு மீட்டரும் கொஞ்சமும்தான் வந்தது. ரோட்டோரத்திலேயே மறுபடி கணக்கைப் போட்டேன். நொடிக்குப் பன்னிரண்டு மீட்டர், மணிக்கு நாற்பத்து மூன்று, நாற்பத்து நாலு கிலோமீட்டர்.

“ஃபார்முலா சரியாத்தானப்பா போட்டேன்” என்றார் மேனேஜர்.

“ஃபார்முலா சரி சார். நாப்பதுதான் தப்பு.”

ஏழுமலை மறுநாளே பஸ்ஸை எடுத்தார். எனக்கு அன்று கிடைத்த சந்தோஷம் பிறகு வந்த எந்தப் பிரமோஷனிலும் இல்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: யூனிட் இல்லாத எண்ணைச் சூத்திரத்துக்குள் விடாதீர்கள். வந்த விடையை அந்த வண்டியால் ஓட முடியுமா என்றும் பாருங்கள்.

ஏழுமலைக்கு இதைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. டீக்கடையில் “எத்தனை ஏழுமலை?” என்று கேட்டால், முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வார்:

“ரெண்டு டம்ளர் சார். அடி இல்ல.”