மிஸ்டர் பாவாயி

தோழியரே, இன்று காலை தபால்காரர் மாரப்பன் வாசலில் நின்று கேட்டார்: "ஏனுங்கம்மா, உங்க பேர்ல ஆம்பளை யாராச்சும் இருக்கறாங்களா?"

பாவாயி என்று ஆணுக்கு யார் பெயர் வைப்பார்கள் என்றேன்.

"அதானுங்க! சீமையிலிருந்து மூணு கார்டு வந்துச்சு. மிஸ்டர் பாவாயி, மஞ்சளைப் பத்தி எழுதுனது ஒரு பிரதி வேணும்னு. ஆரோ மஞ்சள் யேவாரியாட்டம்னு நெனச்சு, அப்படி ஆளே இல்லீன்னு எழுதித் திருப்பி உட்டுட்டேனுங்க."

நாமகிரிப்பேட்டை மஞ்சளின் வேர்நுனியை நுண்ணோக்கியில் வைத்து, உயிரணு இரண்டாகப் பிரிவதைப் பல்லாண்டுகள் பார்த்து நான் எழுதிய ஒரே கட்டுரை அது. அச்சேறிய நாள்முதல் எவரும் படிக்கவில்லை என்று உங்களிடம் குறைபட்டிருக்கிறேன். மூவர் படித்திருக்கிறார்கள். மூவருக்கும், நான் இல்லை என்று முத்திரையோடு பதில் போய்விட்டது.

அனுப்பியவர்களின் முகவரியைக் கேட்டேன்.

"ஞாபகமில்லீங்க. ஸ்டாம்புதான் ரொம்ப அழகா இருந்துச்சுங்க."

அவரைக் கடிந்துகொள்ளவும் வழியில்லை. கடமையை ஒழுங்காகவே செய்திருக்கிறார்.

இதற்குப் பதில் எழுதும் தோழியர், உறையின்மேல் 'ஸ்ரீமதி' என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். மறந்தீர்களானால், இவ்வூரில் அப்படி ஒருவரும் இல்லை.