ரோலர் அண்ணனும் நான் செய்த சேறும்

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி ஷெட்டுக்கு இடத்தைத் தயார் செய்துகொண்டிருந்தோம். சுவரும் கூரையும் ரெடிமேடாக லாரியில் வந்துவிடும். அதற்குள் தரை கெட்டியாக வேண்டும். ரோலர் ஓட்டியவருக்குப் பெரிய தொப்பை, கறுப்புக் கண்ணாடி. உருட்டுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, மண்மேல் நடந்து ஈரம் பார்ப்பார்.

அம்மா செத்துப் பத்து நாள் கழித்து நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். மண்ணுக்குத் தண்ணீர் விடுவதுதான் என் வேலை. அன்றைக்கு அம்மா நினைப்பில் பைப்பை ஒரே இடத்தில் பிடித்தபடி நின்றுவிட்டேன். ரோலர்காரர் நடந்துவந்தபோது அவர் கால் கணுக்கால்வரை புதைந்தது.

“இன்னா பொண்ணு, நாத்து நடப் போறியா?”

சூப்பர்வைசர் ஓடிவந்தார். என்னை வேலையைவிட்டே அனுப்பிவிடுவார் என்று பயந்தேன்.

“நான்தான் தண்ணிய நல்லா உடச் சொன்னேன் சார்” என்றார் ரோலர்காரர். திட்டு முழுக்க அவருக்கே விழுந்தது. சூப்பர்வைசர் போனதும் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன்.

“இன்னாத்துக்குண்ணா எனக்காகத் திட்டு வாங்கிக்கினீங்க?”

“ரோலர் சத்தத்துல எனக்குக் காது போயி ரொம்ப நாளாச்சும்மா. அந்தாளு இன்னா கத்துனாருன்னே தெரியல.”

அம்மா போன பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன். சேற்றை வெட்டி அள்ளும்போதுதான் யோசனை வந்தது: நான் மெதுவாகக் கேட்டது மட்டும் அவருக்கு எப்படிக் கேட்டது?