என் மனைவியின் பக்கம்

செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். கீழே டயர் கடை, அதற்கு மேல் ஒரு கோச்சிங் சென்டர், அதற்கும் மேல் நாங்கள். சில பிரசவ மருத்துவமனைகளுக்காகத் தாய்மார்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவது எங்கள் நிறுவனத்தின் வேலை. ஸ்கேன் எடுக்க வேண்டிய நாள், இரும்புச்சத்து மாத்திரை, பிரசவத்துக்குப் பிறகு குழந்தைக்குப் போட வேண்டிய தடுப்பூசி என எல்லாவற்றையும் எங்கள் பெண்கள்தான் கூப்பிட்டு நினைவுபடுத்துவார்கள். நான் யாரையும் கூப்பிடுவதில்லை. அந்தப் பெண்கள் பார்த்துப் பேசுகிற திரையை அமைத்துக் கொடுப்பவன் நான்.

எங்கள் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு தாய்க்கும் ஒரு பக்கம் உண்டு. ரெக்கார்ட் பேஜ் என்று சொல்வோம். சாஃப்ட்வேர் எங்களுடையது அல்ல. எங்கேயோ இருக்கிற கம்பெனியின் கிளவுடில் ஓடுகிறது, நாங்கள் சந்தா கட்டிப் பயன்படுத்துகிறோம். ஆனால் அந்தப் பக்கத்தில் எது மேலே வர வேண்டும், எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்பதை நாங்களே மாற்றிக்கொள்ளலாம். நான் அமைத்த பக்கத்தில் இடது பக்கம் பெயர், வயது, ஊர், ரத்த வகை. நடுவில் பரிசோதனைகள். பிரசவத் தேதியைப் பதிவு செய்ததும் வலது ஓரத்தில் இளமஞ்சள் நிறத்தில் ‘குழந்தை’ என்று ஒரு கட்டம் நிரம்பிவிடும். எடை, ஆணா பெண்ணா, அடுத்த தடுப்பூசி எப்போது என்று அதில் வரும். எல்லாத் தாய்மார்களுக்கும் ஒரே பக்கம்தான். பிரசவத் தேதி இருந்தால் குழந்தையும் இருக்கும் என்பதில் சாஃப்ட்வேருக்குச் சந்தேகம் இல்லை. எனக்கும் இருந்ததில்லை.

என் மனைவி சதுரங்கப்பட்டினத்துப் பெண். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். நான் உள்பக்கத்து விவசாயக் குடும்பம். வேலை தேடிப் பொத்தேரியில் அறை எடுத்துத் தங்கியிருந்த நாட்களில், அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் அவள் இருந்தாள். என் பயோடேட்டாவைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு, “உங்க ஊரு பேரையே தப்பா அடிச்சிருக்கீங்க” என்று சிரித்தாள். இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுத்தான் கல்யாணம் நடந்தது. நாலைந்து வருடம் குழந்தை இல்லை. பிறகு உண்டானாள். நாங்கள் வேலை செய்துகொடுக்கும் மருத்துவமனைகளில் ஒன்றிலேயே காட்டினோம். சீட்டு போட்ட அன்று அவள் அப்பாவின் முதலெழுத்தையும் அம்மா வீட்டு முகவரியையும் போன் எண்ணையும் கொடுத்தாள். பிரசவம் அங்கேதானே ஆகப்போகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

எட்டாவது மாதம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் காலையில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, “ராத்திரிலேர்ந்து அசையவே இல்லப்பா” என்றாள். ஆட்டோவில் போகும்போது வயிற்றைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டே வந்தாள். ஸ்கேன் எடுத்த டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே என் மனைவி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் பிறந்தான். ஆண் பிள்ளை. தலை நிறைய முடி. மூக்கு அவளுடையது. நர்ஸ் அவனை வெள்ளைத் துணியில் சுற்றி அவளிடம் கொஞ்ச நேரம் கொடுத்தார். பிறகு நான் வாங்கிக்கொண்டேன்.

அவனைச் சதுரங்கப்பட்டினத்துக்குக் கொண்டுபோனோம். நானும் மாமனாரும் மட்டும்தான் சவுக்குத் தோப்புக்குப் போனோம். மணல் தோண்டத் தோண்டச் சரிந்துகொண்டே இருந்தது. எல்லாம் முடிந்து கையைத் தட்டிக்கொண்டு திரும்பும்போது மாமனார் சொன்னார்: “எந்த எடம்னு அவளாண்ட சொல்லாத மாப்ள. தெனம் போயி உக்காந்துகினு இருப்பா.”

நான் சரி என்றேன்.

மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. காய்ச்சல் வந்தது. அவள் அம்மா, என் அத்தை, முழம் முழமாக மல்லிகைப்பூ வாங்கிவந்து மார்பில் வைத்துக் கட்டினார். பால் வற்றுவதற்கு அங்கே அதுதான் வழக்கம். வீடு முழுக்க கல்யாண வீட்டு வாசனை. அவளை அங்கேயே விட்டுவிட்டு நான் செங்கல்பட்டுக்குத் திரும்பி வேலைக்குப் போனேன். சனிக்கிழமைகளில் போய்வந்தேன்.

ஒரு நாள் மதியம் அத்தை போன் செய்தார்.

“உங்க ஆபீசுலேர்ந்து யாரோ பொண்ணு போன் பண்ணிச்சிப்பா. கொழந்தைக்கு ஊசி போட்டாச்சானு கேக்குது.”

“அவளா எடுத்தா?”

“அவதான் எடுத்தா. நா புடுங்கலாம்னு பாத்தேன், குடுக்கல. நல்லா பேசிகினு இருந்தா. பால் குடிக்கிறானானு கேட்டுச்சி போல, குடிக்கிறான்னு சொன்னா. இப்ப இன்னா பண்றான்னு கேட்டுச்சி போல, தூங்கறான்னு சொன்னா. சிரிச்சிகினே சொன்னாப்பா. எனக்கு பயமா கீது.”

நான் போனை வைத்துவிட்டு எழுந்து நின்றேன். ஹாலில் வரிசையாக உட்கார்ந்து எங்கள் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் யார் பேசியது என்று தேட வேண்டியிருக்கவில்லை. சதுரங்கப்பட்டினம் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஒரே பெண்தான் பேசுவாள். கடப்பாக்கத்துப் பெண், இங்கே ஹாஸ்டலில் தங்கியிருப்பவள். என் மனைவியை அவள் பார்த்ததில்லை. அவள் திரையில் பிரசவத் தேதி இருந்தது, எடை இருந்தது, மஞ்சள் கட்டத்தில் தடுப்பூசி நாள் இருந்தது. குழந்தை உயிரோடு இல்லை என்பதைச் சொல்ல அந்தப் பக்கத்தில் இடமே இல்லை.

எங்கள் மேனேஜர் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் நான் சொல்லி முடிக்கும்வரை பேனாவை மூடிக்கொண்டும் திறந்துகொண்டும் இருந்தார். பிறகு, “இந்த வாரம் வேற எந்த வேலையும் தொடாதீங்க. இத மாத்துங்க” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் சாஃப்ட்வேரில் புது அப்டேட் வந்திருந்தது. அதுவரை பக்கம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான். இப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கண்டிஷன் வைக்கலாம். இன்னது இருந்தால் மட்டும் தெரி, இல்லாவிட்டால் மறைந்துகொள் என்று சொல்லலாம். பக்கத்தின் தலையில் நிறம் வைத்த பட்டை ஒன்றைப் போடலாம். கட்டங்களை மவுஸால் இழுத்து வேண்டிய இடத்தில் வைக்கலாம். வேறு நேரமாக இருந்தால் விளையாட்டுச் சாமான் கிடைத்ததுபோல் உட்கார்ந்திருப்பேன்.

‘பிரசவத்தின் முடிவு’ என்று ஒரு புது ஃபீல்டு சேர்த்தேன். அதில் குழந்தை இறந்தது என்று பதிவானால் மஞ்சள் கட்டம் மறையும், தடுப்பூசி அட்டவணை திறக்கிற டேப் மறையும், தலைப்பில் ஒரு பட்டை வரும்: ‘அழைக்க வேண்டாம்.’ முதலில் அதற்குச் சிவப்பு நிறம் வைத்திருந்தேன். பேசுகிற பெண்களைக் கூப்பிட்டுக் காட்டியபோது கடப்பாக்கத்துப் பெண்தான், “செவப்பு வேணாண்ணா. அவங்க ஏதோ தப்பு பண்ண மாரி கீது” என்றாள். சாம்பல் நிறமாக மாற்றினேன். எதற்காக இத்தனை அவசரமாக இதைச் செய்கிறேன் என்று அவள் கேட்டாள். எப்படியும் தெரியத்தானே போகிறது என்று, அன்றைக்கு அவள் பேசியது என் மனைவியோடுதான் என்பதைச் சொல்லிவிட்டேன். அவள் முகத்தை ஷாலால் மூடிக்கொண்டாள். “நல்லா பேசுனாங்கண்ணா. இன்னிக்கி இவங்கதான் நல்லா பேசுனாங்கனு பக்கத்து சீட்டாண்ட கூட சொன்னேன்” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் சதுரங்கப்பட்டினம் போனேன். லேப்டாப்பையும் எடுத்துப் போயிருந்தேன். மேனேஜர் அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான். இனிமேல் யாரும் உன்னைக் கூப்பிடமாட்டார்கள் என்று அவளுக்குக் காட்ட வேண்டும். அவளுக்காக நான் செய்யக் கூடியதாக அது ஒன்றுதான் என் கையில் இருந்தது.

அவள் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் அவளுடைய ரெக்கார்ட் பேஜைத் திறந்து வைத்தேன். பெயர், வயது, ஊர், ரத்த வகை. மேலே சாம்பல் நிறப் பட்டை. வலது ஓரம் வெறுமையாக இருந்தது.

“இனிமே போன் வராது. நானே மாத்திட்டேன்.”

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இவன் எங்க கீறான்?”

எனக்குப் புரியவில்லை. “யாரு?”

“என் புள்ள. வெயிட்டு இன்னானு போட்டிருப்பாங்கல்ல. ஆம்பள புள்ளனு போட்டிருப்பாங்கல்ல. அது எங்க?”

“மறைச்சி வெச்சிருக்கேன். உனக்குக் கஷ்டமா இருக்குமேனு…”

“நீயுமா மறைச்சிட்ட?”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“வூட்ல யாரும் அவனப் பத்தி வாயே தொறக்கமாட்டேன்றாங்க. அம்மா நா வந்தா பேச்ச மாத்துது. அப்பா மூஞ்சப் பாக்கமாட்டேன்றாரு. நீ வந்தா சாப்ட்டியானு கேக்கற, தூங்குனியானு கேக்கற. அந்தப் பொண்ணு ஒருத்திதான் எம்புள்ள எப்டி கீறான்னு கேட்டுச்சி. எவ்ளோ ஆசையா கேட்டுச்சி தெரியுமா? செத்துட்டான்னு எப்டி சொல்றது? கொஞ்ச நேரம் எங்கிட்ட இருந்தான்பா. அவ்ளோதான்.”

சமையலறை வாசலில் நின்றிருந்த அத்தை உள்ளே போய்விட்டார். நான் லேப்டாப்பை மடிக்கு இழுத்தேன். மஞ்சள் கட்டத்தை மறைத்த கண்டிஷனை அங்கேயே எடுத்துவிட்டேன். பக்கத்தை மறுபடி திறந்ததும் வலது ஓரத்தில் மஞ்சள் கட்டம் வந்தது. ஆண். ஒன்றே முக்கால் கிலோ. அவள் விரலால் அந்த எழுத்தைத் தொட்டாள். கீரைச் சாறு திரையில் ஒட்டிக்கொண்டது.

“எங்க பொதைச்சீங்க?” என்றாள்.

மாமனார் வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, “வா” என்றார்.

மூன்று பேரும் நடந்தோம். பழைய டச்சுக் கோட்டைச் சுவரைத் தாண்டி, கடலை ஒட்டிய மணலில். தோப்புக்கு வந்ததும் மாமனார் நின்றுவிட்டார். பாதித் தோப்பை வெட்டியிருந்தார்கள். லாரி உள்ளே வந்து போனதில் மணல் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. நாங்கள் அடையாளத்துக்கு வைத்திருந்த கோணல் மரம் இல்லை.

“இங்கதான்,” என்றார். பத்தடி நடந்து, “இல்ல, அந்தாண்ட” என்றார். என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. அவர் அடிமரங்களுக்கு நடுவே போவதும் வருவதுமாக இருந்தார். கடைசியில் ஒரு இடத்தில் குந்தி உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

“நடுக்கடல்ல எடம் தவறமாட்டேனே. இங்க தவறிட்டேனே, கண்ணு.”

அவள் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “வுடு நைனா. இங்கதான் எங்கியோ கீறான். அது போதும்.”

அவர் பிடித்துவைத்திருந்த அழுகை அத்தனையும் அப்போது வந்தது. பிள்ளை போனதிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். காற்று பலமாக இருந்தது. கொஞ்சம் தள்ளி நின்று நானும் அழுதேன்.

திங்கள்கிழமை பக்கத்தை மறுபடி அமைத்தேன். தடுப்பூசி டேப் மறைந்தே இருக்கும். ஆனால் குழந்தையின் கட்டம் இருக்கும். பிறந்த தேதி, எடை, ஆணா பெண்ணா. அம்மா குழந்தைக்குப் பேர் வைத்திருந்தால் அந்தப் பேர். அந்த ஃபீல்டைக் கட்டாயமாக்கவில்லை. பட்டையில் இருந்த ‘அழைக்க வேண்டாம்’ என்பதை எடுத்துவிட்டு, ‘குழந்தை இறந்துவிட்டது. அம்மா பேச விரும்பினால் கேளுங்கள்’ என்று எழுதினேன். அனுபவம் உள்ள ஒரு சீனியர் அக்கா மட்டும் அந்த அழைப்புகளைச் செய்வார். சிலர் உடனே போனை வைத்துவிடுகிறார்கள். திட்டுகிறவர்களும் உண்டு. சிலரோடு அவர் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசிக்கொண்டிருப்பார். அன்றைக்கு அவருக்கு யாராவது டீ வாங்கி வைத்துவிடுவோம்.

என் மனைவி அடுத்த மாதம்தான் செங்கல்பட்டுக்கு வர ஒப்புக்கொண்டாள். நான் போய் அழைத்துவந்தேன். அத்தை கருவாடு, அரிசி மாவு எல்லாம் கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் ஒரு அம்மா பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையன் என் மனைவியின் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தான். இவளும் கையைக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

“உனுக்கு எத்தினி பசங்க கண்ணு?” என்று அந்த அம்மா கேட்டார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“ஒரு பையன்,” என்றாள்.

“எங்க, அம்மா வூட்ல வுட்டுட்டு வரியா?”

“ஆமாம்மா.”

“வுட்டுட்டு வர்றது கஷ்டம்தான்,” என்றார் அந்த அம்மா.

கண்டக்டர் வந்தார். செங்கல்பட்டுக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன்.