கூட்டாளி எங்கே?

ஒரு சொல்லால் ஒருத்தி நடுரோட்டில் அடிவாங்க இருந்தாள். அந்தச் சொல்லை அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னைத்தான் சொன்னாள்.

கொடைக்கானலில் ஏரிக்குப் போகிற வழியில் நான் ஒரு கடை வைத்திருக்கிறேன். சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், குரங்குக் குல்லா, இப்படி மலைக்கு வருகிறவர்கள் வாங்கிப்போகிற சாமான்கள். என் கடை வாசலை ஒட்டித் தள்ளுவண்டி போட்டுச் சோளம் சுட்டு விற்கிறவள்தான் அவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறித் திரும்பி வந்தவர்கள். அவள் பிறந்தது இந்த மலையில்தான். ஆனாலும் வீட்டில் கேட்டு வளர்ந்த பேச்சு நாக்கை விட்டுப் போகவில்லை. முடியாது என்பதை ஏலாது என்பாள். சிநேகிதியைக் கூட்டாளி என்பாள்.

முதல் தடவை அவள் தன் தங்கச்சியிடம் என்னைக் காட்டி, "இதுதான் என் கூட்டாளி" என்றபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இந்த மலையிலேயே கவுஞ்சி என்கிற ஊரில் பூண்டு பயிர் போடுகிற வீட்டில் பிறந்தவள். எனக்குத் தெரிந்த கூட்டாளியெல்லாம் பேப்பரில் வருகிறவன். கொள்ளையன் பிடிபட்டான், கூட்டாளி தப்பி ஓட்டம் என்று போட்டிருக்கும்.

"யாத்தே, நாம எந்த பேங்குலடி கொள்ளையடிச்சோம்?" என்றேன்.

அக்காவும் தங்கச்சியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று தொட்டு அது எங்களுக்குள் ஒரு வேடிக்கை ஆகிவிட்டது. காலையில் அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "என்ன கூட்டாளி, டீ ஆச்சா?" என்பாள். "இன்னைக்கு எந்தக் கடைப் பூட்ட ஒடைக்கணும்?" என்பேன் நான்.

உண்மையைச் சொன்னால், அதற்கு முன் யாரும் என்னை அப்படி ஒரு சொல்லால் அழைத்ததில்லை. எங்கள் ஊரில் ஆம்பிளைகளுக்குச் சேக்காளி உண்டு. பெண்களுக்கு அந்த வழக்கமே கிடையாது. ஒருத்தியைப் பிடித்துப்போனால் அவளை மதினி ஆக்கிக்கொள்வோம், அல்லது சின்னம்மா ஆக்கிக்கொள்வோம். முறை இல்லாமல் ஒருத்தி இரண்டு நாள் சேர்ந்தாற்போல வீட்டுக்கு வந்துபோனால், "அவளுக்கு இங்க என்ன சோலி?" என்று கேட்டுவிடுவார்கள். என் மகளுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. அவள் வாயைத் திறந்தால் ஃப்ரெண்டுதான். சட்டென்று 'ஃப்ரெண்ட்' என்றால் கூடப் படிக்கிறவர்கள். 'ஃப்ரெண்டும்மா...' என்று இழுத்தாள் என்றால் நான் செய்கிற வேலையை விட்டுவிட்டுத் திரும்பி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அது சீசன் நேரம். பழனியில் மொட்டை போட்டுவிட்டு அப்படியே மலையேறி வருகிற கூட்டம் ஒரு பக்கம், சமவெளி வெயிலுக்குப் பயந்து வருகிற கூட்டம் ஒரு பக்கம். அந்த வாரம் எல்லார் போனிலும் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை பிடிக்கிற கும்பல் மலைக்கு வந்திருக்கிறதாம், பொம்பிளைகளும் இருக்கிறார்களாம், சோளமும் மிட்டாயும் கொடுத்து மயக்குவார்களாம். "சோளம்னு போட்டிருக்கான்டி, ஒன்னையத்தான்" என்று அவளிடம் வாசித்துக் காட்டியதே நான்தான். அவள் சிரித்துவிட்டு அடுப்பை விசிறப் போனாள்.

மத்தியானத்துக்கு மேல் மஞ்சு இறங்கியது. எதிரே சவாரிக்கு நிற்கிற குதிரைகூடத் தெரியவில்லை. அவள் தண்ணீர் பிடிக்கப் போனவள், சைக்கிள் வாடகைக்கு விடுகிற இடத்தில் ஒரு சின்னப் பிள்ளை தனியாக நின்று அழுவதைப் பார்த்திருக்கிறாள். மொட்டைத் தலை, சந்தனம், தங்கத் தோடு. ஏதோ சொல்லிச் சொல்லி அழுகிறது, மலையாளம். இவளுக்கு 'அம்மே' என்பது மட்டும்தான் புரிந்தது. தன் சால்வையை எடுத்துப் போர்த்தி, "அழாத, நாம ரெண்டு பேரும் கூட்டாளி, சரியா?" என்றாளாம். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு இடுப்பில் ஏறிக்கொண்டது.

அவளுக்கு அந்நிய ஆட்களிடம் போனில் பேச வராது. போலீஸ், மின்சாரம், ரேஷன், எதுவானாலும் என்னிடம் வருவாள், நான்தான் பேசுவேன். அப்படித்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் கடையைப் பார்த்து வந்திருக்கிறாள். வழியில் வேனில் வந்த வெளியூர் ஆட்கள் மறித்தார்கள்.

"யாரு பிள்ள இது?"

"தெரியலைங்க. தொலைஞ்சு நின்னுச்சு."

"தெரியாத பிள்ளைய எங்க தூக்கிட்டுப் போற?"

"கூட்டாளிகிட்டக் கொண்டு போறேங்க."

அவ்வளவுதான். கூட்டாளி போலீசுக்குப் பேசுவாள் என்று அடுத்த பேச்சைச் சொல்வதற்குள் ஒருவன் அவள் ஸ்வெட்டரைக் கொத்தாகப் பிடித்துவிட்டான். இதெல்லாம் அவள் பின்னால் சொல்லி எனக்குத் தெரிந்தது. நான் பார்த்தது, மஞ்சுக்குள்ளிருந்து ஒரு கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டு என் கடை வாசலுக்கு வந்ததைத்தான்.

நடுவில் அவள். கழுத்துப் பக்கம் ஸ்வெட்டர் கிழிந்து தொங்குகிறது. இடுப்பில் பிள்ளை அலறுகிறது, ஒருவன் அதைப் பிடுங்கப் பார்க்கிறான், அது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. சிவப்புக் குல்லா போட்ட ஒருவன் என்னைக் கை நீட்டி அவளிடம் கேட்டான்.

"கூட்டாளி எங்க? இதுதான் ஒன் கூட்டாளியா?"

என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த நிம்மதியை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

"ஆமாங்க, இதுதான். இதுதான் என் கூட்டாளி" என்று தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

"ரெண்டும் சிக்கிருச்சுடா" என்றான் பின்னால் ஒருவன். நாலைந்து போன்கள் மேலே எழும்பின.

அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு பக்கத்து அர்த்தமும் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். அவர்களுக்கு அவளைத் தெரியாது, அவளுக்கு அவர்கள் சொல் தெரியாது. நான் இப்போது வாயிலிருந்து எதை எடுத்து வைக்கிறேனோ அதில்தான் அவள் உடம்பு தப்பிக்கவேண்டும்.

"அண்ணே, கைய எடுங்க. எனக்கு நல்லாத் தெரிஞ்சவங்க" என்றேன்.

"தெரியுமா? எத்தன பிள்ளைய இங்க கொண்டு வந்திருக்கா?"

"ஐயோ, இல்லைங்க. இங்கதான் சோளம் விக்கிறாங்க. எனக்குப் பல வருசப் பழக்கம்."

"பழக்கமாம்ல" என்று ஒருவன் இழுத்தான், இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சொல் எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியாதா? பதற்றத்தில் வந்துவிட்டது.

"ஃப்ரெண்டுங்க! நாங்க ஃப்ரெண்ட்ஸ்!"

குல்லாக்காரன் என்னை ஒரு பார்வை பார்த்தான். என் பட்டுக்கரைச் சேலை, கழுத்துச் சங்கிலி, பின்னால் கண்ணாடிக் கடை. அப்புறம் அவளைப் பார்த்தான். கரி படிந்த கை, ரப்பர் செருப்பு.

"இந்தச் சோளக்காரி ஒனக்கு ஃப்ரெண்டா? காதுல பூ சுத்துற வேலையெல்லாம் வேணாம்."

எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. சுற்றிப் பார்த்தேன். என் கடை எதிரே எப்போதும் நிற்கிற டாக்சி டிரைவர் அங்கேதான் நின்றிருந்தான். ஊருக்கு வருகிற ஒவ்வொருத்தனையும் 'வாங்க நண்பா' என்று தோளில் கை போட்டுக் கூப்பிடுகிறவன். இவள் கையால் எத்தனையோ நாள் சோளம் வாங்கித் தின்றவன்.

"ஏலே, நீ சொல்லுலே! யாருன்னு ஒனக்குத் தெரியும்ல?"

எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் அந்தப் போன்களைப் பார்த்தான்.

"பாத்திருக்கேன். சோளம் விப்பாங்க. மத்தபடி நமக்கு ஒண்ணும் தெரியாது" என்றான்.

குல்லாக்காரனுக்கு அது போதும். "கேக்குற கேள்விக்கு ஒழுங்காப் பதில் சொல்லு. இவ ஒனக்கு என்ன வேணும்?" என்று கத்திக்கொண்டே அவள் பக்கம் கையை ஓங்கினான்.

என்ன வேணும் என்று கேட்டால் நம் ஊரில் முறையைச் சொல்ல வேண்டும். அண்ணி வேணும், நாத்தனார் வேணும், பெரியம்மா வேணும். அதற்குச் சிநேகிதி என்று யாரும் பதில் சொன்னது கிடையாது, சொன்னாலும் அது பதில் ஆகாது. அவன் கை காற்றில் நிற்கிறது. அவள் பிள்ளையின் தலையைத் தன் கையால் மூடிக்கொண்டு குனிந்துவிட்டாள்.

"எங்க அக்கா மேல கை பட்டுச்சு, நடக்குறதே வேற!"

எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று எனக்கே தெரியாது. ஆனால் கை நின்றுவிட்டது.

"அக்காவா? மொகம் ரெண்டும் வேற மாதிரி இருக்கு."

"எங்கப்பனுக்கு ரெண்டு பொண்டாட்டி. ஒனக்கு அதையும் சொல்லணுமா? எடுடா கைய!"

பூண்டுக் காட்டைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காத மனுஷன் எங்கள் அப்பா. செத்துப்போனவர் மேல் அப்படி ஒரு பழியைப் போட்டேன். ஆனால் ஸ்வெட்டரைப் பிடித்திருந்தவன் விட்டுவிட்டான். "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று பின்னால் யாரோ முனகினார்கள். நான் அவளைப் பிள்ளையோடு சேர்த்துக் கடைக்குள் இழுத்து, கல்லாவுக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டுப் போலீசுக்குப் போன் போட்டேன். கும்பல் கலையவில்லை, வாசலை மறித்துக்கொண்டு நின்றது. போலீஸ் முதலில் வருமா, இவர்கள் முதலில் உள்ளே வருவார்களா என்று தெரியாமல் நான் படியிலேயே நின்றேன்.

போலீசுக்கு முன்னால் பிள்ளையின் அம்மாதான் வந்தாள். "மோளே!" என்று கத்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடிவந்தாள். பிள்ளை தாவிப்போய் அவளிடம் ஒட்டிக்கொண்டது. விக்கலுக்கு நடுவே இவளைக் கை காட்டி, "என்டெ கூட்டுகாரி" என்றது. அவர்கள் பேச்சில் அதுவும் சிநேகிதிதானாம். அந்தத் தாய் இவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கும்பல் கலைந்துவிட்டது. ஒருத்தரும் மன்னிப்புக் கேட்கவில்லை. குல்லாக்காரன் மட்டும் கொஞ்சம் தயங்கி நின்று, "அந்தத் தைலம் என்ன வெல?" என்றான். விக்கிறதுக்கு இல்லை என்றேன்.

அவள் கல்லாவுக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் கொடுத்த டீயை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

சொன்னேன்.

"கொள்ளைக்காரன், பூட்டுன்னு நீ சொல்றதெல்லாம் வெளையாட்டுன்னுல்ல நெனச்சேன். நெசமாவே இங்க அதுதான் அர்த்தமா?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்து சில நாள் அவள் வண்டியைக் கொண்டுவரவில்லை. வந்தபோது, "டீ ஆச்சாங்க?" என்றாள். ஆச்சாங்க! கூட்டாளியைக் காணவில்லை. நானும் பூட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்தடுத்து நின்று யாபாரம் பார்த்தோம், மரியாதையாகப் பேசிக்கொண்டோம்.

ஒரு நாள் வெள்ளனே ஒரு போலீஸ்காரர் வந்தார். அந்த வீடியோ எங்கெங்கோ சுற்றுகிறதாம், விசாரித்து எழுதிவரச் சொல்லியிருக்கிறார்களாம். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அவளிடம் கேட்டார்.

"இந்தக் கடைக்காரம்மா ஒங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் இல்லைங்க. தெரிஞ்சவங்க. சும்மா தெரிஞ்சவங்கதான். அவங்களுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க."

குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். கூட்டாளி என்று சொல்லி என்னை இழுத்துவிட்டதுபோல இன்னொரு தடவை ஆகக்கூடாது என்று சொல்கிறாள், அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் வலித்தது. குல்லாக்காரனுக்கு முன்னால்கூட எனக்கு அப்படி வலிக்கவில்லை.

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். "நீங்க அக்கான்னு சொல்லியிருக்கீங்க. வீடியோவுல இருக்கு. இவங்க தெரிஞ்சவங்கங்குறாங்க. எது நெசம்மா?"

"ரெண்டும் பொய் சார்" என்றேன். "நான் இவ கூட்டாளி."

அவர் பேனாவை நிறுத்தினார். "அம்மா, அந்த வார்த்தைக்கு ஸ்டேஷன்ல வேற அர்த்தம்."

"ஒங்க ஸ்டேஷன்ல என்னமும் இருந்துட்டுப் போகட்டும். நீங்க கூட்டாளின்னே எழுதுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதினார். எட்டிப் பார்த்தேன். தோழி என்று எழுதியிருந்தார். போகட்டும், கல்யாணப் பத்திரிகைத் தமிழ் என்று விட்டுவிட்டேன்.

அவர் சோளம் ஒன்று கேட்டார். அவள் கரி நெருப்பை ஊதி, சோளத்தைத் திருப்பித் திருப்பிச் சுட்டு, எலுமிச்சையில் மிளகாய்ப் பொடியைத் தொட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். அவர் அங்கேயே நின்று கடிக்க ஆரம்பித்தார். அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், புகையாகவும் இருக்கலாம். அப்புறம் என் பக்கம் திரும்பி, அந்த மனுஷன் காதில் நன்றாக விழும்படியே கேட்டாள்.

"கூட்டாளி, இன்னைக்கு எந்தக் கடைப் பூட்ட ஒடைக்கணும்?"