முப்பதுக்கு மேல ஊத்தின மஞ்சத்தண்ணி

எனக்கு முப்பது தாண்டித்தான் முதல்முதலா தூரமாச்சு. சிரிக்காதீங்க. பொறக்கும்போதே எனக்குக் கர்ப்பப்பை கிடையாது. இப்ப வயித்துல இருக்கிறது எங்கம்மாவோடது. நானே இருந்த பை.

அம்மா காசிமேட்டுல மீன் விக்கிறவ. "என்னுது சும்மாத்தானே கீது, எடுத்து அவளுக்கு வைங்க"ன்னு டாக்டரம்மாகிட்ட அவளாத்தான் கேட்டா.

அவளுக்கு வயித்தைக் கிழிக்கல. சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டு, டிவியில பார்த்துக்கினே உள்ள அறுத்து, பையைக் கீழ்வழியா எடுத்தாங்க. எனக்குத்தான் அடிவயித்தைத் திறந்து வெச்சாங்க. "வெளியிலதான் காயம் சின்னது. உள்ள பெரிய வேலை. உள்தையல் கூடுற வரைக்கும் உங்கம்மா வெயிட் தூக்கவே கூடாது"ன்னு டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னாங்க. நான் தலையாட்டினேன்.

எங்க தெருவுல ஆபரேஷன்னா தையல் எவ்ளோ நீளம்னுதான் பார்ப்பாங்க. என் தையலைப் பார்த்து "ஐயோ பாவம்"னாங்க. அம்மாவோடதைப் பார்த்து, "இன்னாக்கா, கொசு கடிச்ச மாதிரி கீது!"ன்னு சிரிச்சாங்க. அம்மாவும் சேர்ந்து சிரிச்சா. காயம் ஆறணும்னு பால்சுறா மீன் வாங்கிப் புட்டு செஞ்சு எனக்கு ஊட்டினதும் அவதான். அவளுக்கு யாரும் ஒரு வாய் செஞ்சு தரல. நான் படுத்துக்கினு "இன்னும் கொஞ்சம் வை"ன்னு கேட்டுக்கினு இருந்தேன். த்தூ, நானெல்லாம் ஒரு பொண்ணு!

ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசம் தாண்டி ஒருநாள் காலையில துணியில ரத்தம். பயந்துபோய் கத்தினேன். அம்மா ஓடி வந்து பார்த்துட்டு, "அடியேய், பெரிய மனுஷி ஆயிட்டடி!"ன்னு என் கன்னத்தைக் கிள்ளினா. டாக்டரம்மாவுக்கு போன் பண்ணா, பை நல்லா வேலை செய்யுதுன்னு அவங்களுக்கும் சந்தோஷம்.

என்கூடப் படிச்ச பொண்ணுங்களுக்கெல்லாம் பந்தல் போட்டு மஞ்சத்தண்ணி ஊத்தினாங்க. எங்க வூட்டு வாசல் மட்டும் சும்மாவே கிடந்துச்சு. அம்மா அதை மறக்கவே இல்ல. "ஊரைக் கூட்ட வாணாம். நான் ஒருத்தியே ஊத்துறேன், வா"ன்னு என்னைப் பின்கட்டுல உக்கார வெச்சா. லாரித்தண்ணி பிடிச்ச குடத்துல மஞ்சளைக் கரைச்சு, குடத்தோட தூக்கக் குனிஞ்சா.

"எம்மா, தூக்காத, சொம்புல மொண்டு ஊத்து." அதைச் சொல்ல எவ்ளோ நேரமாவும்? வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல. எனக்கும் அந்தக் குடத்துத் தண்ணி மொத்தமா வேணும்னு இருந்துச்சு. ஆசையா கண்ணை மூடிக்கினேன்.

தலையில தண்ணி விழுந்துச்சு. பின்னாடியே குடமும் விழுந்துச்சு. கண்ணைத் திறந்தா அம்மா கீழ கிடக்கிறா, புடவையெல்லாம் ரத்தம்.

ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உள்தையல் பிரிஞ்சிருந்துச்சு. மறுபடி தையல் போட்டுக் காப்பாத்திட்டாங்க. "இவங்களை வெயிட் தூக்க யார் விட்டது?"ன்னு டாக்டரம்மா சத்தம் போட்டாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அம்மா முந்திக்கினா. "அதுக்கு ஒண்ணும் தெரியாது டாக்டரு. தெரியாம நான்தான் தூக்கிட்டேன்."

நான் அதுக்கும் தலையாட்டினேன்.

டாக்டரம்மா போனதும் அம்மா என் கையைப் பிடிச்சுக்கினு, "தண்ணி தல முழுக்க விழுந்துச்சாடி?"ன்னு கேட்டா.